காகிதம் காலாவதியானது, உரிமம் காலாவதியாகவில்லை

மார்த்தாண்டத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம்:

"ஐயா, வணக்கம். நான் 1999-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்று விமானம் ஓட்டப் பயின்று, தனியார் விமானி உரிமமும் அதன்பின் வணிக விமானி உரிமமும் பெற்றேன். 2001-இல் தந்தையார் காலமானதால் ஊருக்குத் திரும்பி, குடும்பத்தின் முந்திரி ஆலையைக் கவனிக்கத் தொடங்கியவன் அப்படியே இங்கு தங்கிவிட்டேன். அண்மையில் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, ஓரங்கள் பழுப்பேறிய நிலையில் அந்தக் காகித உரிமம் கிடைத்தது. முகவர் ஒருவரிடம் காட்டினேன். காகித உரிமங்கள் அனைத்தையும் இந்த ஆண்டு இறுதியில் நிரந்தரமாக ரத்து செய்யப்போகிறார்கள் என்றும், அதற்குள் 45,000 ரூபாய் கொடுத்தால் சிப் பொருத்திய அட்டையாக மாற்றித் தருவதாகவும், அந்த அட்டை இருந்தால் இந்தியாவிலும் ஓட்டலாம் என்றும் அவர் சொல்கிறார். என் மகள் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்குப் போகும்போது, ஒரே ஒரு முறை அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துப் பறக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று: இந்திய உரிமம் பெற்ற என் தங்கை மகன், இனி அட்டையே கிடையாது, எல்லாம் செல்பேசிக்குள் வந்துவிட்டது என்கிறான். காகிதமே போதும் என்றிருந்த ஒன்றை அட்டையாக்கி, இப்போது அட்டையையும் ஏன் எடுத்துவிடுகிறார்கள்?"

அன்புள்ள ஐயா,

முதலில் அந்த முகவருக்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுத்துவிட்டிருந்தால் அதைத் திரும்பக் கேளுங்கள். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. காகித விமானி உரிமங்களின் காலம் இந்த ஆண்டு இறுதியில் முடியப்போவதில்லை. அது 2010-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு காகித உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அமெரிக்க விமானியும் பறக்க முடியாது. ஆனால் அன்று செல்லாமல் போனது உங்கள் பெட்டியில் இருக்கும் தாள்தான். நீங்கள் தேர்வெழுதி, பறந்து காட்டிப் பெற்ற தகுதி அல்ல. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் வழங்கும் தனியார், வணிக விமானி உரிமங்களுக்குக் காலாவதித் தேதி கிடையாது. எவரேனும் அதைப் பறித்தாலோ, இடைநிறுத்தினாலோ, நீங்களே ஒப்படைத்தாலோ அல்லாமல் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். அந்தப் பதிவைக் காட்டும் புதிய அட்டையைப் பெற நிர்வாகம் வாங்கும் கட்டணம் இரண்டு டாலர்.

இந்த வேறுபாடு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். திருவிதாங்கூர் காலத்து மூலப்பத்திரம் மலையாளத்தில் எழுதப்பட்டு, செல்லரித்துக் கிடக்கும் வீடுகள் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இன்றும் ஏராளம். பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டால் நிலமும் போய்விட்டது என்று நாம் நினைப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு இருக்கிறது என்று தெரியும் என்பதால், அங்கே போய்ச் சான்றிட்ட நகல் கேட்கிறோம். வாங்குபவரும் பத்திரத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். விமானி உரிமமும் இப்படித்தான். உங்கள் உரிமத்தின் மூலம் ஓக்லஹோமா நகரில் உள்ள விமானப் பணியாளர் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் கையில் இருந்த காகிதமும், இனி வரப்போகும் அட்டையும் அந்தப் பதிவேட்டை நோக்கிக் கைகாட்டுபவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் முகவர் சொல்வதில் எது மெய், எது பொய் என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

காகிதத்தை ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 1980-களில் சிறு விமானங்களில் போதைப்பொருள் கடத்துவது அமெரிக்காவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. பொய்ப் பெயர்களில் பதிவான விமானங்களும், எவர் வேண்டுமானாலும் தட்டச்சு செய்துவிடக்கூடிய உரிமங்களும் காவல்துறையின் வேலையை மிகவும் கடினமாக்கின. அதனால் 1988-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, விமானிகளின் பதிவு முறையையும் விமானங்களின் பதிவு முறையையும் இறுக்கும்படி நிர்வாகத்துக்கு ஆணையிட்டது. அப்படியும் பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் நகரவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகுதான் வேகம் பிறந்தது. 2002 அக்டோபரிலிருந்து, உரிமத்தோடு அரசு வழங்கிய புகைப்பட அடையாளச் சான்று ஒன்றையும் விமானிகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2003 ஜூலையிலிருந்து புதிய உரிமங்கள் பிளாஸ்டிக் அட்டையாக வெளிவந்தன. 2008 பிப்ரவரியில் இறுதி விதியை வெளியிட்டு, பழைய காகிதம் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் அவகாசம் கொடுத்தார்கள். பராமரிப்புப் பொறிஞர்கள் போன்ற பிற பணியாளர்களுக்கு அந்த அவகாசம் 2013 மார்ச் 31 வரை நீண்டது. நீங்கள் அப்போது ஆலையில் கொட்டை வறுக்கும் அடுப்புகளுக்கு நடுவே இருந்திருப்பீர்கள். ஃபுளோரிடாவில் நீங்கள் தங்கியிருந்த அறையின் முகவரிக்கு ஏதேனும் கடிதம் போயிருந்தாலும் அது உங்களை வந்து சேர்ந்திருக்க வழியில்லை.

நம் கடற்கரையிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றிக் கடல்வழியாக வந்தார்கள். அதன்பின் கடல் மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அடையாள அட்டை வழங்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. குளச்சலிலும் முட்டத்திலும் சின்னமுட்டத்திலும் பரம்பரையாகக் கடலுக்குப் போகும் ஒருவர், தம்மைத் தெரியாதவர்கள் அந்தக் கரையிலேயே இல்லாதபோது அட்டை எதற்கு என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுக்கடலில் படகை மறிக்கும் கடலோரக் காவல்படை வீரருக்கு அவரைத் தெரியாது. விமானி உரிமத்துக்கும் அதே நிலைதான். உங்களுக்குப் பயிற்சி அளித்த ஆசிரியருக்கு நீங்கள் யார் என்று தெரியும். வேறொரு மாநிலத்தின் சிறு விமானத் தளத்தில் உங்களைச் சோதிக்கும் ஆய்வாளருக்கு, நீங்கள் நீட்டும் பொருளைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வங்கி அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் ஹாலோகிராம் முத்திரையும், உருப்பெருக்கி இல்லாமல் படிக்க முடியாத நுண்ணெழுத்தும், புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஒரு படலமும் இருக்கும். முகவர் சொல்லும் சிப் அதில் கிடையாது. உங்கள் உயரம், எடை, முடியின் நிறம், கண்ணின் நிறம் எல்லாம் எழுத்தில் இருக்கும். உங்கள் புகைப்படம் இருக்காது. ரைட் சகோதரர்களின் உருவத்தை மட்டும் அச்சிட்டிருப்பார்கள். விமானியின் புகைப்படமும் அட்டையில் இடம்பெற வேண்டும் என்று 2004-இல் நிறைவேறிய ஒரு சட்டம் சொன்னது. 2010-இல் அதற்கான விதிமுன்மொழிவும் வெளியானது. இருந்தும் படம் வரவில்லை. இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். படமில்லாத அட்டை திருட்டுப் போனால், அதைக் கண்டெடுத்தவரையும் உரியவரையும் பிரித்துக் காட்டுவது நீங்கள் உடன் வைத்திருக்கும் கடவுச்சீட்டுதான். ஆகவே அமெரிக்காவில் பறக்கும் நாளன்று கடவுச்சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அட்டை மட்டும் போதாது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். எதையும் அனுப்புவதற்கு முன், அந்த நிர்வாகத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் தேடக்கூடிய விமானப் பணியாளர் பட்டியலில் உங்கள் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் பெயரும், உரிமத்தின் வகையும், ரேட்டிங்குகளும் (எந்த வகை விமானத்தை ஓட்டலாம் என்பது போன்ற தகுதிக் குறிப்புகள்) அங்கே தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு முகவரியைத் திருத்துங்கள். முகவரி மாறிய 30 நாளுக்குள் தெரிவிக்காத விமானி, தெரிவிக்கும்வரை உரிமத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதி. உங்களுக்கு அந்த 30 நாள் முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இதற்கு அபராதம் ஏதும் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இடையில் நீங்கள் பறக்கவில்லை. முகவரி திருந்திய பிறகு மாற்று அட்டைக்கு இணையவழியிலோ, படிவத்தை நிரப்பி அஞ்சலிலோ விண்ணப்பிக்கலாம். முன்பெல்லாம் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணையே உரிம எண்ணாக இடும் வழக்கம் இருந்தது. உங்கள் காகிதத்தில் அப்படி இருந்தால், வேறு எண் கேட்டு விண்ணப்பியுங்கள்; அந்த மாற்றத்துக்கு இரண்டு டாலரும் தேவையில்லை.

அண்மையில் வந்த விதி ஒன்றை முகவர் உங்களிடம் சொல்லவில்லை. உண்மையில் உங்களைத் தொடும் விதி அதுதான். அமெரிக்காவில் வசிப்பிட முகவரி இல்லாமல், வெளிநாட்டு முகவரியைப் பதிவில் வைத்திருப்பவர்கள், நிர்வாகத்தின் அறிவிப்புகளைத் தங்கள் சார்பில் பெற்றுக்கொள்ள அமெரிக்க முகவரி உள்ள ஒருவரை நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். 2024 அக்டோபரில் வெளியான இந்த விதி, ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜூலை 7 முதல் கட்டாயமாகிவிட்டது. நியமிக்காதவர் உரிமத்தைப் பயன்படுத்த முடியாது. இந்தப் பணியைக் கட்டணத்துக்குச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் 18 வயது நிறைந்த, அமெரிக்க முகவரி உள்ள எவரும் இதைச் செய்யலாம் என்பதால் உங்கள் மகளையே நீங்கள் நியமிக்க முடியும். படிப்பு முடிந்து அவர் வீடு மாறினால் அந்த முகவரியையும் மறவாமல் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் உரிமச் சிக்கலோடு வந்த நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தடுத்து நிறுத்தியது காகிதமும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல, பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயருக்கு முதலெழுத்து, சிலருக்கு ஊருக்கும் வீட்டுப் பெயருக்கும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று முதலெழுத்துகள் என்று பள்ளிச் சான்றிதழில் எழுதிவிடுகிறோம். கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த முதலெழுத்தை விரிக்கிறார்கள். சிலருக்கு அது முன்னால் வருகிறது, சிலருக்குப் பின்னால் வருகிறது, சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே நிற்கிறது. அமெரிக்கப் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்பதால், பயிற்சிப் பள்ளி எழுத்தர் தமக்குத் தோன்றியதை நிரப்பிவிடுகிறார். தந்தையார் பெயரே தன் பெயராகிவிட்ட உரிமங்களைப் பார்த்திருக்கிறேன். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும், அழைக்கும் பெயர் ஒன்றும், முதலெழுத்து இரண்டும் சேர்ந்து நான்கு துண்டுகளாக உடைந்து கிடந்த ஒரு பெயரையும் பார்த்திருக்கிறேன். அதைச் சரி செய்ய அந்த இளைஞருக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

ஆகவே ஐயா, பழைய காகிதத்தை எடுத்து இப்போதைய கடவுச்சீட்டின் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். 1999-இல் நீங்கள் கொண்டுபோன கடவுச்சீட்டு காலாவதியாகி, அதன்பின் இரண்டு புதுப்பித்தல்கள் ஆகியிருக்கலாம். அதில் எதிலாவது பெயரின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், அட்டை கேட்கும் விண்ணப்பத்தோடு பெயர்த் திருத்தத்தையும் முறைப்படி கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குச் சட்டப்படியான சான்று கேட்பார்கள். பழைய கடவுச்சீட்டு, புதிய கடவுச்சீட்டு இரண்டின் நகல்களையும் எடுத்து வையுங்கள். அரசிதழ் அறிவிப்பு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பழைய பெயரிலேயே பளபளப்பான அட்டையை வாங்கிவிட்டால், அங்கே ஆய்வாளர் அட்டையையும் கடவுச்சீட்டையும் ஒன்றாகப் பார்க்கும்போது, இருவரும் ஒருவர்தான் என்று நீங்கள் நின்று விளக்க வேண்டியிருக்கும்.

அட்டை கைக்கு வந்துவிட்டால் உடனே பறந்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மகளை அழைத்துச் செல்வது தனியார் விமானிக்குரிய பறப்பு என்பதால், மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது 24 மாதங்கள் செல்லும். அடுத்து, கடந்த 24 மாதங்களுக்குள் ஓர் ஆசிரியரிடம் மறுஆய்வுப் பறப்பு முடித்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் தரையில் பாடமும், ஒரு மணி நேரம் வானில் பறப்பும் என்பது விதியில் உள்ள அளவு. இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் பறக்காதவருக்கு அந்த ஒரு மணி நேரம் போதாது. பத்து, பதினைந்து மணி நேரம் ஆகும் என்று மனத்தையும் பணத்தையும் தயார் செய்துகொள்ளுங்கள். வான்வெளி விதிகளும் தகவல்தொடர்பு முறைகளும் நீங்கள் விட்டுவந்த இடத்தில் இல்லை. அதன்பின், பயணியை ஏற்றுவதற்கு முந்தைய 90 நாளுக்குள் மூன்று முறை மேலேறி மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு வாரம் என்று பயணச்சீட்டு எடுத்திருந்தால் இவை எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க முடியாது. ஒரு மாதமாவது தேவைப்படும். அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் அங்கே விமானப் பயிற்சி பெறுவதற்குத் தனிப் பாதுகாப்பு விதிகளும் விசா விதிகளும் உண்டு. எந்தப் பள்ளிக்குப் போகிறீர்களோ அந்தப் பள்ளியிடம் உங்கள் நிலையை முழுமையாக எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகு புறப்படுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தேன். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் உட்காரும் பிள்ளைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஹாலோகிராமால் பயன் இல்லை. எதிர்க்காற்றில் உங்கள் கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதே அவரைக் காக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படித் திசைமாறி வீசும் என்று தெரிந்த ஊர்க்காரர் நீங்கள்; நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும். ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை மகள் கீழேயே காத்திருக்கட்டும்.

இந்தியாவில் இந்த அட்டையை வைத்து ஓட்டலாம் என்பது பொய். இந்தியப் பதிவெண் கொண்ட விமானத்தை ஓட்ட, நம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்கும் உரிமம் வேண்டும். வெளிநாட்டு உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற, இங்குள்ள தேர்வுகளை எழுத வேண்டும். இங்குள்ள மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். பறந்தும் காட்ட வேண்டும். அப்போதும் உங்கள் அட்டையைப் புரட்டிப் பார்த்து அதிகாரிகள் முடிவெடுப்பதில்லை. உரிமத்தை வழங்கிய நாட்டிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். அந்தப் பாதையில் போக எண்ணம் இருந்தால் தனியாக எழுதுங்கள்.

அட்டையைவிட நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் லாக்புக்கைப் பற்றித்தான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உரிமம் தொலைந்தால் இரண்டு டாலரில் இன்னொன்று வரும். ஒவ்வொரு பறப்பும், ஒவ்வொரு ஆசிரியரின் கையொப்பமும் உள்ள லாக்புக் தொலைந்தால் அதற்கு நகல் தர எந்த அலுவலகமும் இல்லை. அந்தப் பள்ளி இன்று இருக்கிறதோ இல்லையோ, அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ! அதே இரும்புப் பெட்டியில் அது இருந்தால் இன்றைக்கே எடுத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் சுவர் வியர்க்கும் ஊரில் காகிதம் இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய காரியம்.

தங்கை மகனின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது சரி. 2025 பிப்ரவரி 20-ஆம் தேதி மத்திய அமைச்சர் ராம் மோகன் நாயுடு விமானிகளுக்கான மின்னணு உரிமத்தைத் தொடங்கிவைத்தார். சீனாவுக்கு அடுத்தபடியாக இதை நடைமுறைப்படுத்திய நாடு இந்தியா. அதுவரை ஸ்மார்ட் கார்டாக அச்சிட்டுத் தந்ததை, இப்போது இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ செயலியில் காட்டலாம். பன்னாட்டு விதியும் இதற்கு இடம் கொடுத்துவிட்டது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, விமானத்தில் எடுத்துச் செல்ல வேண்டிய ஆவணங்களில் பணியாளரின் உரிமத்தையும் சேர்த்திருக்கிறது. உரிமத்தில் நாட்டின் பெயர் தொடங்கி, பெற்றவரின் கையொப்பம், வழங்கியவரின் முத்திரை, ரேட்டிங்குகள் வரை என்னென்ன இருக்க வேண்டும் என்பதை உடன்படிக்கையின் முதல் இணைப்பு ரோமன் எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. முதல்தரக் காகிதம் என்றிருந்த இடத்தில் பிளாஸ்டிக் அட்டையும் சேர்ந்தது. பிறகு மின்னணு வடிவமும் சேர்ந்தது. வடிவம் மாறினாலும் அந்த விவரங்கள் மாறவில்லை.

என் முதல் உரிமம் சிறு புத்தக வடிவில் இருந்தது. புகைப்படத்தை ஒட்டி, அதன் ஓரத்தில் படும்படி முத்திரை குத்தியிருப்பார்கள். ஒரு ஜூன் மாத மழையில் பை நனைந்து, முத்திரை மை கசிந்து என் முகத்தின் பாதியை மூடிவிட்டது. நுழைவாயிலில் இருந்த காவலர் அதை ஏற்க மறுத்தார். அவர் மேல் குற்றமில்லை. யார் பார்த்தாலும் திருத்தப்பட்ட ஆவணம் என்றே சொல்லியிருப்பார்கள். அன்றைய தேர்வுப் பறப்பு போயிற்று; புதிய புத்தகம் கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதமும் என் தகுதியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பறக்க முடியவில்லை. அதனால், புதிய ரேட்டிங் ஏறிய உடனே செல்பேசியிலேயே தெரிந்துவிடும் இன்றைய முறையை நான் மனமார வரவேற்கிறேன். தங்கை மகன் கவனிக்க வேண்டியது இரண்டே காரியம்: செயலியைப் பறப்புக்கு முந்தைய இரவே திறந்து, உரிமம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், செல்பேசியில் மின்சக்தி இல்லை என்பது உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்குச் சமம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயினும் அட்டையோ செயலியோ எல்லாப் பொய்யையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 2011-இல் நம் நாட்டில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டார்கள். அவர்கள் கையில் இருந்த உரிமங்கள் போலியல்ல, அரசு அச்சிட்ட அசல். பொய், உரிமத்துக்கு முந்தைய படியிலேயே நுழைந்துவிட்டது. 2020 ஜூனில் பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்து அமைச்சர், அந்நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அடுத்த மாதமே அந்நாட்டின் தேசிய விமான நிறுவனத்துக்கு ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டது. தேர்வறையில் ஆள்மாறாட்டம் நடந்தால், அந்தப் பொய்யை ஹாலோகிராம் இன்னும் அழகாக அச்சிட்டுத் தரும், அவ்வளவுதான். அட்டை காப்பது பதிவேட்டுக்கும் கைக்கும் இடையிலுள்ள தூரத்தை. பதிவேட்டைக் காப்பது தேர்வை நடத்துபவர்களின் நேர்மை. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி பெற்ற, எண் 1 என்று குறித்த சான்றிதழில் இன்றைய பாதுகாப்பு அம்சம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் அதை ஐயுற்றவர் எவரும் இல்லை. பறக்கும் மனிதர்களையும் அவர்களைத் தேர்வு செய்தவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

கடைசியாக, அந்த முகவரிடம் உங்கள் உரிமத்தின் படமோ கடவுச்சீட்டின் நகலோ வாட்ஸ்அப்பில் போயிருந்தால், அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உரிம எண்ணும் பிறந்த தேதியும் கையொப்பமும் ஒரே படத்தில் இருப்பது நல்லதல்ல. சமூகப் பாதுகாப்பு எண்ணும் அதில் இருந்தால் எண் மாற்ற விண்ணப்பத்தைத் தள்ளிப்போடவே வேண்டாம். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. திருத்தியது போன்ற தோற்றமும் வந்துவிடும். வெள்ளைத் தாள்களுக்கு நடுவே மடிக்காமல் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். புதிய அட்டை அஞ்சலில் வந்ததும், பெயரையும் ரேட்டிங்குகளையும் சரிபார்த்துவிட்டு, அழியாத மையில் அதற்குரிய இடத்தில் கையெழுத்திடுங்கள். பலர் இதை மறந்து பையில் போட்டுவிடுகிறார்கள். பெற்றவரின் கையொப்பம் இல்லாத உரிமத்தை ஆய்வாளர் ஏற்கமாட்டார்.